நெட்பால் ஆட ஷூவுக்குள்ள ஆர்த்தோடிக்ஸ் (பாதத்தைத் தாங்குற தகடு) போட்டா கால் இன்னும் மோசமாகுது, ஷூவை மாத்தணுமா உள்ளே இருக்கிறதை மாத்தணுமா?

மீன்கொத்தி, டர்பன்:

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் காரைக்குடி பக்கம், தென்னாப்பிரிக்காவுல டர்பன் வந்து ஒன்பது வருஷம் ஆச்சு, வயசு 38. எங்க ஆபீஸ்ல ஒரு நெட்பால் (கூடைப்பந்து மாதிரி ஒரு ஆட்டம்) டீம் இருக்கு, புதன்கிழமை சாயங்காலம் மேட்ச், நான் ஆடுற இடம் விங் அட்டாக். ஸ்கூல்ல த்ரோபால் ஆடினது, அதுக்கப்புறம் கல்யாணம், பிள்ளைங்க, வேலைன்னு பதினெட்டு வருஷம் ஒரு பந்தைக் கையில தொட்டதில்ல. வாரத்துல அந்த ஒரு மணி நேரம்தான் எனக்குன்னு இருக்கு, அதை விட மனசே வரல, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

ஏழு மாசமா வலது குதிகால் வலி. காலையில கட்டில்ல இருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது ஆணி ஏறின மாதிரி இருக்கும். பாத்ரூம் போய்ட்டு வர்றதுக்குள்ள கொஞ்சம் விட்டுடும். மேட்ச் முடிஞ்சு கார்ல உக்காந்து வீட்டு வாசல்ல இறங்கினா மறுபடி அதே குத்து. டாக்டர் பாத்துட்டு பிளான்டர் ஃபேசியைட்டிஸ், அதாவது உள்ளங்கால் தசைநார்ல வர்ற வலின்னு சொல்லி பொடியாட்ரிஸ்ட்கிட்ட (பாத நிபுணர்) அனுப்பினார். அங்க ரெண்டு காலுமே தட்டைப் பாதம்னு சொல்லி, ஸ்கேன் எடுத்து, அளவுக்கு ஆர்த்தோடிக்ஸ் செஞ்சு குடுத்தாங்க. அடியில கெட்டி பிளாஸ்டிக், மேல நீல கலர்ல மெத்துன்னு ஒரு துணி. மூவாயிரத்துச் சொச்சம் ரேண்ட். மெடிக்கல் எய்ட்ல (இங்கத்த மருத்துவக் காப்பீடு) சேவிங்ஸ் ஏப்ரல்லயே தீந்துபோச்சு, கையில இருந்துதான் கட்டினேன்.

"கொஞ்சம் கொஞ்சமா பழக்கிப் போடுங்க"ன்னு சொன்னாங்க, எப்படி பழக்கறதுன்னு சொல்லல, நானும் கேக்கல. அன்னிக்கு புதன்கிழமை வேற. என்கிட்ட இருந்தது ரன்னிங் ஷூ, அடி நல்லா உயரமா பஞ்சு மாதிரி இருக்கும், அதுக்குள்ள ஏற்கனவே இருந்த இன்சோலுக்கு (ஷூவோட வர்ற உள் மெத்தை) மேலேயே இதை வச்சு, லேசை இழுத்துக் கட்டிட்டு ஆடப் போயிட்டேன். முதல் குவார்ட்டர்லயே குதிகால் ஷூவை விட்டு மேல மேல வந்துச்சு, முன்னாடி விரல் மேல் துணியில முட்டுச்சு. மூணாவது குவார்ட்டர்ல பந்தைப் பிடிச்சு ஒத்தைக் கால்ல இறங்கினேன், கணுக்கால் வெளிப்பக்கமா மடங்கிடுச்சு. எலும்பு ஒண்ணும் ஆகல, ஆனா பத்து நாள் வீக்கம். ஷூவைக் கழட்டிப் பாத்தா பாதத்தோட உள்வளைவுல அஞ்சு ரேண்ட் காசு அளவுக்கு ஒரு கொப்புளம்.

இப்போ அது அலமாரியில சும்மா கிடக்கு. பணம் போனது கூடப் பரவாயில்ல, தப்பு எங்கன்னு தெரியணும். ஆர்த்தோடிக்ஸ் தப்பா, ஷூ தப்பா, நான் போட்ட விதம் தப்பா? கடைக்குப் போனா என்னன்னு சொல்லி ஷூ கேக்கணும்? இங்க ஓடுறவங்க, பந்து ஆடுறவங்க நிறைய பேர் இருக்கீங்க, அனுபவம் இருந்தா சொல்லுங்க.


நல்லூரான், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

வணக்கம் தங்கச்சி. நான் இங்க பிசியோவா வேலை செய்யிறன், சொந்த இடம் யாழ்ப்பாணம். காலைப் பாக்காமல் முடிவாச் சொல்லேலாது, ஆனா நீங்கள் எழுதினதை வாசிச்சா எனக்கு விளங்கிறது இதுதான்: உங்கட ஆர்த்தோடிக்ஸ் பிழையோ இல்லையோ எண்டு பாக்கிறதுக்கே இன்னும் சந்தர்ப்பம் குடுக்கேல்ல. அது வேலை செய்யிற மாதிரி ஒரு சப்பாத்துக்குள்ள அது இன்னும் போகேல்ல.

முதல் விஷயம், சப்பாத்தோட வந்த இன்சோலை எடுத்துப்போட்டுத்தான் அளவெடுத்துச் செய்ததை வைக்கோணும். முழு நீளமா விரல் நுனி வரைக்கும் வாறது எண்டா கட்டாயம் எடுக்கோணும். ரெண்டையும் ஒண்டுக்கு மேல ஒண்டு வச்சதால உங்கட குதிக்கால் ஒரு அரை சென்டிமீட்டராவது மேல வந்திருக்கும். சப்பாத்தின்ர பின்பக்கம் குதிக்காலைப் பிடிக்கிறதுக்கெண்டு ஒரு கெட்டிக் கப் இருக்கு, குதிக்கால் அதுக்கு மேல ஏறினா அதைப் பிடிக்க ஆள் இல்லை. அதாலதான் கழண்டு கழண்டு வந்தது.

ரெண்டாவது, ரன்னிங் சப்பாத்து. அது நேரா முன்னுக்கு ஓடுறதுக்குச் செய்தது. அடி உயரம், மெத்தை, பக்கவாட்டுல பிடிமானம் குறைவு. நெட்பால் அப்பிடியில்லை. பந்தைப் பிடிச்சா இறங்கின காலை திரும்பத் தூக்கி வைக்கேலாது, அந்த இடத்திலேயே நிண்டு சுழலோணும். முழு வேகத்தில வந்து ஒத்தைக் காலில டக்கெண்டு நிக்கிற விளையாட்டு அது. உயரமான மெத்தை அடி, அதுக்கு மேல இன்சோல், அதுக்கு மேல ஆர்த்தோடிக்ஸ். பாதம் ஒரு மொட்டைமாடி விளிம்பில நிண்ட மாதிரி. மடங்காமல் என்ன செய்யும்?

இன்னொண்டு கேக்கோணும். அந்தச் சப்பாத்தின்ர உள்பக்க விளிம்பில, மிட்சோலில (அடி ரப்பருக்கு மேல இருக்கிற மெத்தை), வேற நிறத்தில கெட்டியா ஒரு பகுதி இருக்கோ? பெருவிரலால அமத்திப் பாருங்கோ. உள்பக்கம் கல்லு மாதிரியும் வெளிப்பக்கம் மெதுவாவும் இருந்தா அது தட்டைப் பாதக்காரருக்கெண்டு செய்த ஸ்டெபிலிட்டி சப்பாத்து. பாதத்தை அதுவும் வெளிப்பக்கம் தள்ளும், உங்கட ஆர்த்தோடிக்ஸும் தள்ளும். ரெண்டு பேர் சேர்ந்து தள்ளினா கணுக்கால் வெளியால போறது லேசு. அளவெடுத்த ஆர்த்தோடிக்ஸ் போடுற ஆக்களுக்கு நான் வழமையா நியூட்ரல் சப்பாத்துதான், அதாவது ஒரு பக்கமும் தள்ளாததுதான், எடுக்கச் சொல்லுறனான். திருத்திற வேலையை ஒண்டு செய்தாப் போதும், மற்றது அதுக்கு உறுதியான வீடா இருக்கட்டும்.

கடையில பேர் சொல்லிக் கேக்காதேங்கோ, கையால பாருங்கோ. பின்பக்கக் கப்பை ரெண்டு விரலால நசுக்குங்கோ, மடங்கினா வேண்டாம். சப்பாத்தின்ர மூக்கையும் குதியையும் பிடிச்சு மடக்குங்கோ, விரல் மடங்கிற இடத்தில மடங்கோணும், நடுவில தோசை மாதிரி மடிஞ்சா வேண்டாம். ஈரத்துணி பிழியிற மாதிரி முறுக்கிப் பாருங்கோ, கொஞ்சம் எதிர்க்கோணும். உள்ள இன்சோல் கழட்டக்கூடியதா இருக்கோணும், சிலதில ஒட்டியிருப்பினம். குதிக்கால் இறங்கிற இடம் ஆழமா இருக்கோணும். அடி, நெட்பால் கோர்ட்டுக்கு எண்டா மீன்முள்ளு மாதிரி வரி போட்ட ரப்பர், உயரம் குறைஞ்சது, அகலம் கூடினது. முக்கியமா, ஆர்த்தோடிக்ஸையும் விளையாட்டுக்குப் போடுற அதே சொக்ஸையும் பையில கொண்டு போங்கோ. பின்னேரத்தில போங்கோ, கால் கொஞ்சம் வீங்கி உண்மையான அளவில இருக்கும். எழும்பி நிண்டு, நீளமான விரலுக்கு முன்னால ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்கோ எண்டு பாருங்கோ. பெரும்பாலும் அரை சைஸ் கூட வரும். கடைக்குள்ள நடந்தாப் போதாது, ஒத்தைக் காலில குதிச்சு இறங்கிப் பாருங்கோ, வெக்கப்பட வேண்டாம்.

பழக்கிறது எப்பிடியெண்டு உங்களுக்குச் சொல்லியிருக்கோணும். முதல் நாள் வீட்டுக்குள்ள ஒரு மணித்தியாலம், அடுத்த நாள் ரெண்டு, இப்பிடி நாளுக்கு ஒரு மணி கூட்டுங்கோ. முழு நாள் நோகாமல் போட்டு நடக்கேலுமெண்ட பிறகுதான் மெல்ல ஓடிப் பாக்கிறது, அதுக்குப் பிறகுதான் மேட்ச். ரெண்டு மூண்டு கிழமை பிடிக்கும். கெண்டைக்கால் கொஞ்சம் உளையும், அது வழமை. கொப்புளம், ஒரே இடத்தில கூர்மையா நோகிறது, முழங்கால் நோவு இதுகள் வழமை இல்லை. ரெண்டு கிழமை ஒழுங்காப் போட்டும் உள்வளைவில அமத்தினா செய்து தந்தவையிட்டையே கொண்டு போங்கோ. பிளாஸ்டிக்கைச் சூடாக்கி இறக்கலாம், தேய்க்கலாம். அப்பிடித் திருத்திறதும் அவையின்ர வேலையில ஒரு பகுதிதான், நீங்கள் காசு குடுத்தது அதுக்கும் சேர்த்துத்தான்.

அதுக்கு முதல் கணுக்கால். மடங்கின காலில பல்லுத் தீட்டேக்க 30 செக்கன் ஒத்தைக் காலில நிக்கேலுதோ பாருங்கோ. ஆடினீங்கள் எண்டா கோர்ட்டுக்கு இன்னும் காலம் இருக்கு.


டொங்காட் தாத்தா:

மீன்கொத்தி பாப்பா, நான் இந்த நாட்டுலயே பொறந்தவன், டொங்காட்ல. பாட்டிகிட்டயும் கோயில் பள்ளிக்கூடத்துலயும் கத்துக்கிட்ட தமிழ், எழுத்துல தப்பு இருந்தா பொறுத்துக்கோ.

அந்த பிசியோ தம்பி சொன்னது எல்லாம் சரி. நான் சொல்லப்போறது என் காலே எனக்குச் சொல்லிக்குடுத்தது. 1986ல நான் காம்ரேட்ஸ் ஓடினேன், கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் ஓட்டப்பந்தயம், அந்த வருஷம் டௌன் ரன், பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல இருந்து டர்பன். நம்ப ஆளுங்க, கறுப்பு ஜனங்க, பொம்பளைங்க யாரையும் அந்த ரேஸ்ல முறையா சேத்துக்கிட்டதே 1975ல தான், அதனால நம்ப வீட்டுல ஒருத்தன் அந்த நம்பர் சீட்டை நெஞ்சுல குத்திக்கிட்டு ஓடறது எங்க அம்மாவுக்கு எவ்ளோ பெரிசு தெரியுமா. அப்போ 11 மணி நேரம்தான் டைம், இப்போ மாதிரி 12 இல்ல.

எனக்கும் தட்டைப் பாதம். அந்த நாள்ல கிரே ஸ்ட்ரீட் பக்கம் ஒரு செருப்பு தைக்கிற பெரியவர் இருந்தார், கார்க்கும் தோலும் வச்சு வளைவுக்கு ஒண்ணு செஞ்சு குடுத்தார். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நான் அதைப் போட்டது பழைய டெக்கியில (ஸ்போர்ட்ஸ் ஷூவை இங்க அப்படித்தான் சொல்றது), எப்பவும் போடற அதே சைஸ். ஃபீல்ட்ஸ் ஹில் தெரியும்ல, பைன்டவுனுக்கு இறங்கற அந்த நீள இறக்கம். ஏற்கனவே அறுபது கிலோமீட்டருக்கு மேல ஓடின காலு, வீங்கிப்போயிருக்கு, இறக்கத்துல ஒவ்வொரு அடிக்கும் பாதம் முன்னாடி சறுக்கி விரல் போய் முட்டுது, முட்டுது, முட்டுது. கீழ இறங்கறதுக்குள்ள ரெண்டு பெருவிரல் நகமும் செத்துப்போச்சு. பத்து மணி நேரம் நாப்பது நிமிஷத்துல ஓடி முடிச்சுட்டேன், வெண்கல மெடல் குடுத்தாங்க, வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழட்டினப்போ நகமும் சேந்து வந்துச்சு. எங்க அம்மா மெடலைப் பாக்கல, காலைப் பாத்துட்டு அழுதாங்க.

அதுக்கப்புறம் நான் ஒரு வேலை கத்துக்கிட்டேன், இன்னிக்கும் பேரப்பிள்ளைங்க டெக்கிக்கெல்லாம் அதான் பண்றேன். பழைய டெக்கி உள்ள இருக்கிற இன்சோலை உருவி வெளிச்சத்துல வச்சுப் பாரு. உன் காலு அதுமேல எழுதி வச்சிருக்கும். அஞ்சு விரலும் கறுப்பா அஞ்சு குழியா தெரியும். பெருவிரல் குழி இன்சோலோட விளிம்பைத் தாண்டி நிக்குதுன்னா டெக்கி சின்னது. சின்ன விரல் குழி பாதி அந்தரத்துல இருந்தா அகலம் பத்தல. குதிகால் குழி நடுவுல இல்லாம ஒரு பக்கமா சாஞ்சிருந்தா உன் காலு சாயுது. கடைக்காரன் பொய் சொல்லலாம், இது சொல்லாது. அந்த இன்சோலையும் கடைக்கு எடுத்துட்டுப் போ.

லேஸ் கட்டறதும் ஒரு விஷயம். கடைசியில கணுக்கால்கிட்ட ஒரு ஓட்டை சும்மா இருக்கும், நிறைய பேர் அதை விட்டுடறாங்க. அதுல லேஸை அதே பக்கத்துல உள்ள விட்டு ஒரு சின்ன வளையம் பண்ணு, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள்ள கொடுத்து கீழ்ப்பக்கமா இழு. கட்டறதுக்கு முன்னாடி குதிகாலை தரையில ரெண்டு தட்டு தட்டி பின்னாடி உக்கார வை. அப்போ குதி எழும்பாது, விரலும் முன்னாடி போகாது.

வெயில் காலத்துல கார் டிக்கியில அதை விட்டுட்டுப் போகாதே, பிளாஸ்டிக் வளைஞ்சுடும். டர்பன் ஈரத்துக்கு தினமும் டெக்கியில இருந்து எடுத்து நிழல்ல காத்தாட வை, இல்லன்னா மேல் துணி உரிஞ்சு வரும்.


மிட்ராண்ட் மாறன்:

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. ஜோபர்க் பக்கம் வேலை, கோயம்புத்தூர்க்காரன், வாரம் ரெண்டு நாள் ஆஸ்ட்ரோல (செயற்கைப் புல்) ஃபைவ் அ சைட், டீமுக்கு அஞ்சு பேர் ஆடுற ஃபுட்பால். எனக்கும் இதே குதிகால் வலி ஒன்றரை வருஷம் இருந்துச்சு. முதல்ல சொல்லிடறேன், தட்டைப் பாதம்ங்கறது நோய் இல்ல. எங்க டீம்ல ஒருத்தனுக்கு பாதம் சப்பாத்தி மாதிரி இருக்கும், ஒரு நாள் வலின்னு சொன்னதில்ல. வலி இருந்தாத்தான் ஆர்த்தோடிக்ஸ் பத்தி யோசிக்கணும், வடிவம் மட்டும் பாத்து இல்ல.

ரெண்டாவது, குதிகால் வலிக்கு கடையில கிடைக்கிற ரெடிமேட் இன்சோலையும் அளவெடுத்துச் செஞ்சதையும் வச்சுப் பாத்த ஆராய்ச்சிகள்ல பெரிய வித்தியாசம் தெரியலன்னுதான் வந்திருக்கு. நானே அளவெடுக்காம நல்ல கெட்டியா ஒரு ரெடிமேட் வாங்கினேன், பத்துல ஒரு பங்கு விலைதான். அதனால இதைப் படிக்கிறவங்க யாராவது இனிமேத்தான் வாங்கப் போறீங்கன்னா முதல்ல அதைப் போட்டுப் பாருங்க, சரியா வரலன்னா அப்புறம் செய்யச் சொல்லலாம். மீன்கொத்தி ஏற்கனவே செஞ்சுட்டாங்க, அது வேற.

என்னை உண்மையிலேயே காப்பாத்தினது படிக்கட்டு. ஒரு துண்டைச் சுருட்டி படி விளிம்புல வச்சு, விரல் எல்லாம் துண்டு மேல நிமிர்ந்து இருக்கிற மாதிரி நின்னு, குதிகாலை மூணு செகண்ட் எடுத்து மேல தூக்கி, ரெண்டு செகண்ட் நிறுத்தி, மூணு செகண்ட்ல இறக்கணும். 12 தடவை, மூணு செட், ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதல்ல ரெண்டு கால்ல, அப்புறம் ஒத்தைக் கால்ல, அப்புறம் முதுகுல பையில புத்தகம் போட்டுக்கிட்டு. முதல் மாசம் ஒண்ணுமே தெரியாது, விட்டுடலாம்னு தோணும், விடாதீங்க. எனக்கு மூணாவது மாசம்தான் காலையில எந்திரிக்கும்போது வித்தியாசம் தெரிஞ்சுது. இன்சோல் பாரத்தைக் குறைக்குது, அவ்வளவுதான், பாதத்துக்குப் பலம் குடுக்கிறது இதுதான்.

ஃபுட்பால் ஆடுறவங்களுக்கு ஒரு வார்த்தை. பூட்ஸ்ல இந்தக் கெட்டி ஆர்த்தோடிக்ஸ் நுழையவே நுழையாது, உள்ளே குறுகல், குதிகால் ஆழம் கிடையாது. விளையாட்டுக்குன்னு மெல்லிசா, குறுகலா, முக்கால் நீளத்துல செய்வாங்க, பூட்ஸைக் கையில குடுத்து அதுக்கு ஏத்த மாதிரி செய்யச் சொல்லணும். அப்புறம் செயற்கைப் புல்லுல நீள ஸ்டட் (அடியில நீட்டிக்கிட்டு இருக்கிற முளை) வச்ச பூட்ஸ் போடாதீங்க, ஸ்டட் புல்லுல மாட்டிக்கும், உடம்பு திரும்பும் கால் திரும்பாது, முழங்கால் போயிடும். குட்டி குட்டி ரப்பர் வச்ச டர்ஃப் ஷூதான் சரி.


மீன்கொத்தி, டர்பன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நல்லூரான் அண்ணா, இப்பத்தான் போய் அமுக்கிப் பாத்தேன், உள்பக்கம் சாம்பல் கலர்ல கெட்டியா இருக்கு! கடையில "தட்டைப் பாதமா, அப்போ இதான் உங்களுக்கு"ன்னு குடுத்தது. ஷூவும் ஆர்த்தோடிக்ஸும் சேந்து தள்ளியிருக்கு. பல்லு தேய்க்கும்போது நின்னு பாத்தேன், இடது கால் 30 செகண்ட், வலது கால் 9 செகண்ட்.

தாத்தா, உங்க அம்மா அழுததைப் படிச்சிட்டு நானும் அழுதுட்டேன். இன்சோலை உருவிப் பாத்தேன், பெருவிரல் குழி பாதி விளிம்புக்கு வெளிய இருக்கு.

இன்னொரு கேள்வி. என் பொண்ணுக்கு 11 வயசு, ஸ்கூல்ல ஹாக்கி ஆடுறா. ரெண்டு மாசமா பிராக்டீஸ் முடிஞ்சு வந்ததும் குதிகாலோட பின்பக்கம் வலிக்குதுங்கறா, நொண்டி நொண்டி நடக்கறா. என்னோட தட்டைப் பாதம் அவளுக்கும் வந்துடுச்சோன்னு பயமா இருக்கு. அவளுக்கும் இப்பவே ஆர்த்தோடிக்ஸ் செஞ்சுடலாமா?


ஹாக்கி அம்மா, பினிக்ஸ்:

அவசரப்படாதீங்க மீன்கொத்தி, இது எங்க வீட்டுல நடந்தது. என் பையனுக்கு பன்னெண்டு வயசுல இதேதான், நானும் பயந்து போய் விலை உயர்ந்த இன்சோல் வாங்கி வச்சேன். கடைசியில டாக்டர் குதிகாலை ரெண்டு பக்கமும் உள்ளங்கையால நசுக்கினார், பையன் துள்ளி எந்திரிச்சான். சீவர்ஸ்னு சொன்னார். குதிகால் எலும்புல வளர்ற இடம் இன்னும் மூடாம இருக்கும், எலும்பு சீக்கிரம் வளர கெண்டைக்கால் தசை இழுபடும், குதிச்சு ஓடுற பிள்ளைங்களுக்கு அந்த இடம் புண்ணாயிடும். எட்டு வயசுல இருந்து பதினாலுக்குள்ள வரும், அந்த எலும்பு மூடினா தானா போயிடும், பாதத்துக்கு நிரந்தரமா ஒண்ணும் ஆகாது.

நாங்க செஞ்சது: வாரத்துல நாலு நாள் ஆட்டத்தை ரெண்டா குறைச்சோம், ரெண்டு ஷூலயும் குதிகாலுக்கு ஜெல் கப் வச்சோம், ஆட்டம் முடிஞ்சதும் ஐஸ். இங்க பிள்ளைங்க பாதி நேரம் வெறுங்கால்ல தான் ஓடுதுங்க, பிரைமரி ஸ்கூல்ல ரக்பி கூட வெறுங்கால்ல ஆடுறாங்க, புல்லுல பரவாயில்ல, ஆனா வலி இருக்கிற வரைக்கும் சிமென்ட்லயும் தார்லயும் வெறுங்காலா விடாதீங்க. ஸ்கூலுக்குப் போடற கறுப்பு ஷூவையும் பாருங்க, நாள் முழுக்க அதுலதான் நிக்கறாங்க, எங்க பையனோடது அடி தகடு மாதிரி இருந்துச்சு. ஹாக்கிக்கு ஆஸ்ட்ரோ ஷூ, ரன்னிங் டெக்கி இல்ல. வளர்ற பிள்ளைன்னு ரெண்டு சைஸ் பெரிசா வாங்காதீங்க, ஒரு விரல் இடம் போதும்.


நல்லூரான், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

அக்கா சொன்னது சரி, எண்டாலும் நொண்டுறாள் எண்டதால ஒருக்கா காட்டுங்கோ. இரவில நித்திரையில நொந்தாலோ, வீக்கம் சிவப்பு இருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ காத்திருக்காதேங்கோ. தட்டைப் பாதமோ எண்டு வீட்டில பாக்க: அவளைக் குதிக்காலைத் தூக்கி விரல் நுனியில நிக்கச் சொல்லுங்கோ. வளைவு எழும்பினா அது வளையிற பாதம், நோகாத வரைக்கும் ஒண்டும் செய்யத் தேவையில்லை. எழும்பாமல் தட்டையாவே விறைச்சு நிண்டாத்தான் ஆளிட்டைக் காட்டோணும்.

மாறன் தம்பி சொன்ன படிக்கட்டுப் பயிற்சியை நானும் குடுக்கிறனான். ரெடிமேட் பற்றிச் சொன்னதோடயும் எனக்குச் சண்டை இல்லை. ஆனா ஒரு ஆக்களுக்கு மட்டும் அதைச் சொல்லவே கூடாது, சீனி வருத்தம் உள்ள ஆக்கள். காலில உணர்ச்சி குறைஞ்சவைக்கு கடையில எடுத்த கெட்டி இன்சோல் ஒரு இடத்தில அமத்தினாலும் தெரியாது, புண் வந்த பிறகுதான் தெரியும்.


டொங்காட் தாத்தா:

தம்பி, இதை நீ சொன்னது நல்லதாப் போச்சு, நான் சொல்லலாமா வேண்டாமான்னு இருந்தேன். எனக்கு இப்போ சுகர், பதினாறு வருஷமா. நாலு வருஷம் முந்தி தைப்பூசக் காவடி எடுத்தேன், வெறுங்காலு, ஜனவரி வெயிலு (இங்க அப்போதான் கோடை), தாரு ரோடு கொதிக்குது. எனக்கு ஒண்ணுமே தெரியல, முருகன் தாங்கறான்னு நெனச்சு சந்தோஷமா நடந்தேன். மறுநாள் பேத்தி என் காலைப் பாத்துட்டு "தாத்தா, அடியில தோலே இல்ல"ன்னு கத்தினா. ஆறு மாசம் கட்டுப் போட்டாங்க. விரலை எடுக்கற வரைக்கும் பேச்சு வந்துச்சு, எடுக்கல.

இப்போ டெக்கி போடறதுக்கு முன்னாடி கையை உள்ள விட்டுத் தடவிப் பாக்கறேன், கல்லு, மடிஞ்ச துணி எதுவும் இருக்கக்கூடாது. சாயங்காலம் கண்ணாடியைத் தரையில வச்சு அடிப்பாதத்தைப் பாக்கறேன். காவடி வேண்டுதல் இருக்கிற சுகர்காரங்க யாராச்சும் இதைப் படிச்சா, போறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட காலைக் காட்டுங்க. முருகன் கோவிச்சுக்க மாட்டான்.


மீன்கொத்தி, டர்பன்:

ஏழு வாரம் கழிச்சு வர்றேன், என்ன ஆச்சுன்னு கேட்டு ரெண்டு பேர் தனியா எழுதியிருந்தீங்க.

பொடியாட்ரிஸ்ட்கிட்ட திரும்பப் போனேன். கொப்புளம் வந்த இடத்தைக் காட்டினேன், மறுபேச்சு இல்லாம உள்வளைவை சூடு பண்ணி கொஞ்சம் இறக்கிக் குடுத்தாங்க, காசு வாங்கல. நான் முன்னாடியே போயிருக்கணும். அப்புறம் சனிக்கிழமை சாயங்காலம், ஆர்த்தோடிக்ஸ், மேட்ச் சாக்ஸ், பழைய இன்சோல் மூணையும் ஒரு பையில போட்டுக்கிட்டு கடைக்குப் போனேன். முதல் கடையில இருந்த தம்பி மறுபடி ரன்னிங் ஷூதான் எடுத்துட்டு வந்தான். ரெண்டாவது கடையில நெட்பால் ஷூ மூணு ஜோடி காட்டினாங்க, ஒண்ணு பின்பக்கம் நசுங்குச்சு, ஒண்ணுல இன்சோல் ஒட்டியிருந்துச்சு. மூணாவது எல்லாத்துக்கும் சரியா வந்துச்சு, அரை சைஸ் பெரிசு. கடை நடுவுல ஒத்தைக் கால்ல குதிச்சேன் அண்ணா, நாலு தடவை.

வீட்டுல ஒரு மணி, ரெண்டு மணின்னு ஏத்தினேன். சமைக்கும்போது, துணி மடிக்கும்போது எல்லாம் அதோடதான். ஆறாவது நாள் கெண்டைக்கால் வலிச்சுது, ஒரு நாள் விட்டுட்டு அப்புறம் தொடர்ந்தேன். நடந்தா பிளாஸ்டிக் கீச்சு கீச்சுன்னு சத்தம் போட்டுச்சு, அடியில கொஞ்சம் பவுடர் தூவினதும் நின்னுடுச்சு. மூணாவது வாரம் பீச் புரொமனாட்ல அரை மணி நேரம் வேகநடை, நாலாவது வாரம் ரெண்டு குவார்ட்டர் மட்டும் ஆடினேன். குதிகால் எழும்பல. தாத்தா சொன்ன வளையத்தைப் போட்டுத்தான் லேஸ் கட்டறேன், டீம்ல இன்னும் மூணு பேர் அப்படிக் கட்ட ஆரம்பிச்சிருக்காங்க.

காலை வலி முழுசா போகல. வியாழக்கிழமை காலையில, அதாவது மேட்சுக்கு மறுநாள், இன்னும் கொஞ்சம் குத்துது, மத்த நாள்ல ஆணி மாதிரி இல்ல. படிக்கட்டுப் பயிற்சி இப்போ ஒத்தைக் கால்ல, புத்தகம் இன்னும் போடல. வலது கால் 26 செகண்ட் நிக்குது.

பொண்ணுக்கு சீவர்ஸ்தான். ஜெல் கப் வச்சிருக்கோம், கோச்கிட்ட பேசி வாரத்துக்கு ரெண்டு நாள் ஆக்கிட்டோம், அவளுக்கு அதுல கோவம். நேத்து ராத்திரி அவளோட பழைய ஹாக்கி ஷூ இன்சோலை உருவி வெளிச்சத்துல பிடிச்சுக்கிட்டு, அஞ்சு விரலும் விளிம்பைத் தாண்டி நிக்குதுன்னு என்கிட்ட ஓடி வந்து காட்டினா. சனிக்கிழமை சாயங்காலம் அவளைக் கூட்டிட்டுப் போகணும்.